தண்ணீர் போகும் வழியே கம்பம் பள்ளத்தாக்கு

தேனிக்கு வரும் உறவுக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஒரு நாள்தான் இருக்கு, என்னென்ன பாக்கலாம்?" பதிலையும் அவர்களே கையோடு கொண்டுவந்திருப்பார்கள். சுருளியில் ஒரு குளியல், திராட்சைத் தோட்டத்தில் நாலு செல்ஃபி, மதியச் சாப்பாட்டுக்குக் குமுளி, சாயங்காலம் தேக்கடி. ஜாலியான நாள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கார் போகிற வழியிலேயே ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பாறைச் சிற்பங்கள் இருக்கின்றன. பாண்டியர் செப்பேடு கிடைத்த ஊர் இருக்கிறது. மேற்கே ஓடிய ஒரு ஆற்றைக் கிழக்கே திருப்பிவிட்ட இடம் இருக்கிறது. ஒன்றிலும் பிரேக் போட மாட்டார்கள்.

அப்படி வருகிறவர்களைப் பல வருஷங்களாகக் கூட்டிக்கொண்டு சுற்றியதில் எனக்கென்று ஒரு வழி அமைந்திருக்கிறது. இடங்களின் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போவதுதான் அது. மேலே மலையடிவாரத்தில் தண்ணீர் எங்கே இறங்குகிறதோ அங்கே தொடங்கி, அது போகும் திசையில் ஊர் ஊராகக் கீழே வருவது. கம்பம் பள்ளத்தாக்கில் பழைய காரியம் என்று எதை எடுத்தாலும் ஆற்றோரமாகவோ, மதுரையிலிருந்து மலை தாண்டி மேற்குக் கரைக்குப் போன பழைய வழியோரமாகவோதான் இருக்கும். இரண்டும் ஒரே பள்ளத்தாக்குக்குள் ஒன்றை ஒன்று ஒட்டியே போகின்றன. இந்த வரிசையில் பார்த்தால் ஒவ்வொரு இடமும் அடுத்த இடத்துக்குக் காரணம் சொல்லும். பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே போனால் ஒரு கோயில், ஒரு அருவி, ஒரு சிலை என்று தனித்தனியாக நின்றுபோகும்.

ஆகவே காலையில் முதல் வேலையாகக் குமுளி பஸ் பிடித்து லோயர் கேம்ப்பில் இறங்கிவிடுங்கள். இறங்கியதும் மலையைப் பாருங்கள். சரிவில் ராட்சதக் குழாய்கள் வரிசையாக இறங்கி மின்நிலையத்துக்குள் நுழையும். அவற்றில் வருவது பெரியாற்றுத் தண்ணீர். இயல்பாக விட்டிருந்தால் மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்திருக்கும். 1887-இல் வேலையைத் தொடங்கி 1895-இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்து, மலையைக் குடைந்து சுரங்கம் போட்டு, இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். வைரவனாறு, முல்லையாறு என்று கைமாறி வைகையில் சேர்ந்து, தேனி, மதுரை, சிவகங்கை என்று ராமநாதபுரம் வரை போகிறது. குழாயும் மின்நிலையமும் சுதந்திரத்துக்கு அப்புறம் வந்தவை. சுரங்கம்தான் பழசு.

அணையைப் பார்க்க முடியுமா என்று எல்லாரும் கேட்பார்கள். முடியாது. அது கேரள எல்லைக்குள், பெரியாறு புலிகள் காப்பகத்தின் காட்டுக்குள் இருக்கிறது. 1886 அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் மன்னரோடு போட்ட 999 வருஷக் குத்தகை ஒப்பந்தத்தின்படி அது தமிழ்நாட்டின் பராமரிப்பில் இருந்தாலும், சுற்றுலாக்காரர்களை அங்கே விடுவதில்லை. தேக்கடிப் படகில் ஏறினால் அணை தெரியும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். படகு அதுவரை போகாது. அதனால்தான் நான் லோயர் கேம்ப்பையே அணையின் வாசல் என்று காட்டுகிறேன். அணை செய்த வேலை இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

பக்கத்திலேயே அந்த அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக்கின் மணிமண்டபம். 2013 ஜனவரியில் திறந்தார்கள். ஜான் பென்னிகுயிக் பிறந்தது 1841 ஜனவரி 15, பொங்கலை ஒட்டி வரும் நாள். அன்றைக்கு இங்கே வந்து பாருங்கள். விவசாயிகள் அவர் சிலைக்கு முன்னால் பொங்கல் வைத்து மாலை போடுவார்கள். பாலார்பட்டியில் அவருக்கென்றே பொங்கல் விழா நடக்கும். இந்தப் பக்கம் பென்னிகுயிக் என்று பெயர் வைத்த தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. மண்டபத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பலரும் உள்ளே போவார்கள். நீங்களும் கழற்றிவிடுங்கள், கேள்வி கேட்க வேண்டாம்.

அங்கே திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் ஒருமுறை எங்களோடு பேச்சுக் கொடுத்தார். "வெள்ளத்துல பாதி அணை போச்சுப்பா. கவர்மென்ட்டு கைய விரிச்சிருச்சு. சீமைக்குப் போயி சொத்தை வித்துக் கொண்டாந்து கட்டுனாரு." என் அக்கா மகன் மதுரையில் காலேஜ் படிக்கிறவன், சும்மா இருப்பானா? "அதுக்கு ஆதாரம் இருக்கா தாத்தா?" என்றான். பெரியவர் அசரவில்லை. "உங்க வீட்டுல என்ன தண்ணி குடிக்கிறீக? வைகைத் தண்ணிதான? அதுதான்டா ஆதாரம்."

அணை கட்டியது சென்னை மாகாண அரசின் திட்டம், அரசின் செலவு. கட்டும்போது பாதியில் வெள்ளம் வேலையை அடித்துப் போனது உண்மை. காய்ச்சலில் ஏகப்பட்ட தொழிலாளர்கள் செத்ததும் உண்மை. சொத்து விற்ற கதை மக்கள் வாயில் வளர்ந்தது, ஆவணத்தில் வந்ததில்லை என்பதுதான் என் முடிவு. அதற்காகப் பெரியவரிடம் வாதாடினேனா என்றால் இல்லை. 1876-78 பஞ்சத்தைப் பார்த்த வம்சத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவரை எந்த இடத்தில் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியும். இன்னொன்றும் உண்டு. இந்தத் தண்ணீரைத் திருப்பலாம் என்ற யோசனையே பென்னிகுயிக் பிறக்கும் முன்பே வந்துவிட்டது. 1789-இல் ராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானி, அதாவது அமைச்சர், முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி மலையைப் பார்க்கச் சொன்னார், பணமில்லாமல் கைவிட்டார். மணிமண்டபத்துக்கு வருகிறவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் முழிப்பார்கள்.

இதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுக்கொள்வேன். ஊர்க்காரர் சொன்னது ஒரு பத்தி, நான் கண்ணால் பார்த்தது ஒரு பத்தி, வீட்டுக்கு வந்து புத்தகத்தில் பார்த்தது ஒரு பத்தி. மூன்றையும் கலக்காமல் வைத்துக்கொண்டால் கதையையும் ரசிக்கலாம், வரலாறும் கெடாது. கலந்துவிட்டால் அப்புறம் பிரிக்கவே முடியாது. இணையத்தில் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதப்படுவதில் பாதி இப்படிக் கலந்துபோனதுதான்.

லோயர் கேம்ப்பிலிருந்து கூடலூர், கம்பம் என்று கீழே வரும்போது கார் வைத்திருப்பவர்களும் எங்காவது ஒரு இடத்தில் இறங்கி வாய்க்கால் கரையில் கொஞ்சம் நடக்க வேண்டும். இதைச் சொன்னால் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். வாய்க்காலில் என்ன பாரம்பரியம்? லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைவது இந்தத் தடுப்பணைகளாலும் வாய்க்கால்களாலும்தான். ஜூன் மாசத்தில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்க ஒரே நேரத்தில் நாற்றங்கால் வேலை தொடங்கும். அணையில் நீர்மட்டம் எத்தனை அடி என்பது இங்கே டீக்கடையில் தினசரிப் பேச்சு. அந்த நேரத்தில் வந்தால் இந்தப் பழைய ஏற்பாடு இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை நேரில் பார்க்கலாம். ஓடுகிற மடையை விடப் பெரிய நினைவுச்சின்னம் எனக்குத் தெரிந்து இங்கே இல்லை.

வாய்க்கால் கரையில் பேச வேண்டிய ஆள் லஸ்கர். ஷட்டர் திறந்து மூடி, கரையைப் பார்த்துக்கொள்ளும் நீர்வளத் துறைப் பணியாளர். கரையோரம் எந்தக் கல்லில் எழுத்து இருக்கிறது, எந்த வேப்பமரத்தடியில் வீரன் கல் இருக்கிறது, எந்தக் கோயில் பூசாரி எப்போது வருவார் எல்லாம் அவருக்கு அத்துப்படி. "அண்ணே, இந்தப் பக்கம் பழைய கல்லு ஏதும் இருக்கா?" என்று கேட்டால் போதும். "கல்வெட்டு இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். எழுத்து இருக்கும் கல்லை இங்கே யாரும் கல்வெட்டு என்று நினைப்பதில்லை. அது அவர்களுக்குச் சாமி, அல்லது துணி துவைக்கும் கல்.

வீரன் கல் என்றதும் ஒரு விஷயம். இந்த மாவட்டத்தில் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு தமிழ்-பிராமி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தது. நடுகல்லில் எழுத்து என்று பார்த்தால் இவ்வளவு பழசு அதற்கு முன் கிடைத்ததில்லை. ஒன்றில் இருக்கும் வாசகம்: "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்." கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த சண்டையில், செத்த ஒருவனுக்கு எடுத்த கல். அந்தக் கூடலூர் நம் பள்ளத்தாக்குக் கூடலூர்தான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எதுவாக இருந்தாலும் மாட்டுச் சண்டையில் செத்தவனுக்குக் கல் நட்டு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும், இந்தப் பக்கம் வரப்போரத்தில் நிற்கும் வீரன் கல்லுக்கு இன்றைக்கும் எண்ணெய் தேய்த்துப் பொட்டு வைக்கிறார்கள். அதன் பக்கத்தில் போகும்போது செருப்பு வேண்டாம். படம் எடுப்பதற்காக மாலையை விலக்குவதும் வேண்டாம். அது கும்பிடும் சாமி. பக்கத்து வயலில் யார் நிற்கிறார்களோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அவரே வந்து மாலையை ஒதுக்கிக் காட்டுவார், கூடவே குடும்பக் கதையும் சொல்வார்.

சுருளியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, எப்படியும் போகத்தான் போகிறீர்கள். கம்பத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். அருவிக்குப் போகும் வழி வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வெள்ளம் வந்தாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ அடைத்துவிடுவார்கள், கிளம்பும் முன் கம்பத்தில் யாரையாவது விசாரித்துக்கொள்ளுங்கள். குளித்துவிட்டு உடனே திரும்பாமல் கயிலாயநாதர் குகைக் கோயிலையும் பூதநாராயணர் கோயிலையும் பாருங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்றைக்குத் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது. கூட்டத்தையே பார்க்க வேண்டும் என்றால் அந்த நாளில் போங்கள், குகையைப் பார்க்க வேண்டும் என்றால் சாதாரணக் கிழமையில் போங்கள்.

இப்போது நான் ஒவ்வொரு தடவையும் அதிக நேரம் ஒதுக்கும் இடத்துக்கு வருகிறேன். உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயில் பாறை. ஆட்டோக்காரரிடம் "சமணர் சிற்பம்" என்று கேட்டால் சில பேருக்குத் தெரியும், பல பேருக்குத் தெரியாது. "கருப்பணசாமி கோயில்" என்றால் நேரே கொண்டுபோய் விடுவார். பெரிய பாறை, அதன் முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர்கள் வணங்கும் அருளாளர்கள். இருந்த கோலத்தில் சிலர், நின்ற கோலத்தில் சிலர். தலைக்கு மேல் ஐந்து தலை நாகம் குடை பிடித்தால் அவர் பார்சுவநாதர். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடை கொண்ட முக்குடையின் கீழே அமர்ந்திருப்பவர்களை மகாவீரர் என்று சொல்வார்கள். கீழேயும் இடையிலும் வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் வரிகள். கல்வெட்டில் இந்தக் குன்றின் பெயர் திருக்குணகிரி. சிற்பம் செய்வித்தவர்களில் அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர் வருகிறது. இதே அச்சணந்தியின் பெயர் மதுரைப் பக்கம் ஆனைமலையிலும், அழகர்மலையிலும், கருங்காலக்குடியிலும், பழனிப் பக்கம் ஐவர்மலையிலும் இருக்கிறது. பாண்டிய நாட்டில் குன்று குன்றாக நடந்து சிற்பம் வெட்டுவித்த ஒரு மனிதர் இந்தப் பள்ளத்தாக்குக்கும் வந்திருக்கிறார். மேற்கே போகும் வழி இங்கே இருந்தது என்று மேலே சொன்னேன் அல்லவா, வணிகர்கள் நடமாடும் வழியில் சமணத் துறவிகள் தங்கும் பள்ளி இருப்பது வழக்கம்தான்.

இங்கே வந்தவர்கள் பெரும்பாலும் ஐந்து நிமிஷத்தில் திரும்பிவிடுகிறார்கள். காரணம், உச்சி வெயிலில் வருகிறார்கள். புடைப்புச் சிற்பமும் பாறை எழுத்தும் நிழலால்தான் கண்ணுக்குத் தெரியும். வெயில் நேராக முகத்தில் அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். முகம் எது, மூக்கு எது என்று புரியாது. வெயில் பாறைமேல் பக்கவாட்டில் வழியும் நேரத்தில், காலையிலோ மாலையிலோ, போனால் ஒவ்வொரு விரலும் எழும்பி நிற்கும். நேரம் அமையவில்லையா, செல்போன் டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கத்தில் பிடித்து வெளிச்சம் சாய்வாக விழும்படி செய்யுங்கள். அப்போது உடன் வருபவர் ஒருவர் குடை விரித்து நிழல் காட்டினால் இன்னும் நல்லது. அதுவரை கண்ணில் படாத எழுத்து ஒன்று திடீரென்று தெரியவரும். வட்டெழுத்து படிக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. வளைந்து வளைந்து போகும் அந்த எழுத்தின் ஓட்டத்தைப் பார்த்தாலே போதும். பாண்டிய நாட்டில் இதுதான் புழக்கத்தில் இருந்தது, சோழர்கள் வந்த அப்புறம் மெல்ல மெல்ல இப்போதைய தமிழ் எழுத்துக்கு இடம் விட்டது.

எழுத்தைத் தெளிவாகக் காட்டுகிறேன் பேர்வழி என்று சாக்பீஸ் தேய்ப்பது, விபூதி பூசுவது, கோலமாவு தூவுவது, தண்ணீர் விட்டுக் கல்லால் உரசுவது எதுவும் கூடாது. ஒருவர் தேய்த்ததை அடுத்தவர் தேய்த்து, அவர் கண்ணுக்குப் பட்டதுதான் எழுத்து என்று ஆகி, கடைசியில் எழுத்தே மாறிப்போகும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மத்தியச் சட்டமே சொல்கிறது. இதயம் வரைந்து அம்பு விட்டுப் பெயர் எழுதும் காதலர்களுக்கு இது தெரியாது போல. கூட வரும் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆத்தா நாங்கள் பாறையையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "எந்த ஊரு சாமி?" என்று கேட்டார். சொன்னேன். "இவுகல்லாம் முனிவருக. தவம் பண்ணுறாக. அதான் கருப்பன் காவலுக்கு நிக்கிறான். ராத்திரி இங்குட்டு ஒருத்தனும் வர மாட்டான்." இதை நான் வெறும் நம்பிக்கை என்று ஒதுக்க மாட்டேன். மதுரையைச் சுற்றி எத்தனை குன்றுகள் கல் குவாரிக்குப் போயின என்று நமக்குத் தெரியும். இங்கே ஆடு வெட்டிப் படையல் வாங்கும் கருப்பன், எறும்புக்கும் தீங்கு நினைக்காத சமண முனிவர்களுக்குக் காவல் நிற்கிறான். வேடிக்கையான ஜோடிதான். ஆனால் சாமி இருக்கும் பாறையில் யாரும் உளி வைக்கத் துணிய மாட்டார்கள். கருப்பனைத் தாண்டிப் போகும்போது அவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவது நியாயம்.

மதியம் 12 மணி வாக்கில் கோயில்கள் நடை சாத்திவிடும். மறுபடி 4 மணிக்கு மேல்தான். வெளியூர்க்காரர்கள் திட்டம் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். மதியம் சாப்பாட்டுக்கும் வாய்க்கால் கரைக்கும், சாயங்கால வெயில் பாறைக்கும், இருட்டின பிறகு கோயிலுக்கும் என்று பிரித்துக்கொண்டால் நாள் வீணாகாது. சின்னமனூர்ப் பூலாநந்தீஸ்வரர் கோயிலை நான் எப்போதும் கடைசிக்கு வைப்பது இதனால்தான். பெரிய கோயில், பெரிய தெப்பக்குளம் என்று அலங்காரமாகச் சொல்லும் ஊரல்ல சின்னமனூர். ஆனால் தமிழ் வரலாறு படிக்கிறவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் மனப்பாடம். பாண்டியர் வம்சாவளியைச் சொல்லும் சின்னமனூர்ச் செப்பேடுகள் இங்கே கிடைத்தவை. பாண்டிய முன்னோர்கள் என்னென்ன செய்தார்கள் என்று அடுக்கிக்கொண்டே வரும் பெரிய செப்பேட்டில் ஓரிடத்தில், "மகாபாரதந் தமிழ்ப்படுத்தும் மதுராபுரிச் சங்கம் வைத்தும்" என்று வரும். மதுரையில் சங்கம் இருந்தது என்ற பேச்சுக்கு ஒரு பத்தாம் நூற்றாண்டு ஆவணச் சான்று இந்த வரி. பழைய பெயர் அரிகேசரிநல்லூர் என்று சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள்.

ஆனால் செப்பேட்டைப் பார்க்கிறேன் என்று கோயிலில் போய்க் கேட்காதீர்கள், அங்கே இருக்காது. பாரம்பரிய இடங்களில் இது பொதுவான விஷயம். கிடைத்த இடம் ஒன்று, பொருள் இருக்கும் இடம் வேறு. போவதற்கு முந்தின ராத்திரி அரை மணி நேரம் செலவழித்து எது மண்ணில் இருக்கிறது, எது மியூசியத்துக்குப் போய்விட்டது என்று பார்த்துவிட்டுப் போனால் ஏமாற்றம் இருக்காது. செப்பேட்டின் அந்த வரியை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டுபோய்க் கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்வேன், வந்தவர்களை. வெறும் கல் மண்டபம் அப்போது வேறு மாதிரி ஆகிவிடும்.

கோயிலுக்குள், பெரும்பாலும் அதிட்டானம் என்ற அடித்தளத்தில், கல்வெட்டு தேடுகிறவர்கள் குருக்களிடம் முதலில் போய் நிற்க வேண்டும், கேமராவை எடுப்பதற்கு முன்னால். "சாமி, அதிட்டானத்துல எழுத்து பாக்கணும், படம் எடுக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பார், கருவறைப் பக்கம் மட்டும் வேண்டாம் என்பார். கேட்காமல் எடுத்தால் ஊரே கூடிவிடும். இந்தப் பக்கத்துக் கோயில் ஒன்றில் கல்வெட்டுச் சுவர்மேல் திருப்பணி என்ற பெயரில் பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தார்கள். விசாரித்தால், "பழசா இருந்துச்சு, அதான் புதுசாக்கிட்டோம்" என்றார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்த ஊர் இளைஞர்கள் சிலரைக் கூப்பிட்டு, பெயின்ட் படாமல் மிஞ்சியிருந்த ஒரு வரியைத் தடவித் தடவி ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினோம். தங்கள் ஊர்ப் பெயர் அதில் இருப்பதைப் பார்த்ததும் அவர்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. மீதிச் சுவரை இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வயலிலோ கரையிலோ எழுத்துள்ள கல் புதிதாகக் கண்ணில் பட்டால் நகர்த்தக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. இருந்த இடத்திலேயே படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு பேனாவோ அடிக்கோலோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள், அவர் தாசில்தாருக்குச் சொல்வார், தொல்லியல் துறை வரும். மண்ணுக்குள்ளிருந்து காசு, சிலை, நகை என்று கிடைத்தால் அதற்கு 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே இருக்கிறது, கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். எங்கே கிடைத்தது என்ற விவரம் போய்விட்டால் அந்தக் கல்லுக்குப் பாதி உயிர் போன மாதிரி.

எப்போது வரலாம்? கார்த்திகை முதல் தை முதல் வாரம் வரை சபரிமலை சீசன். கம்பம் - குமுளி சாலை முழுக்க ஐயப்ப பக்தர்களின் வண்டிதான். மலைப்பாதையை ஒருவழியாக்கி, கம்பம்மெட்டு வழியே திருப்பிவிடுவார்கள். லோயர் கேம்ப் போவதே பெரும்பாடு. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நடக்கும் நாட்களில் தேனிப் பக்கச் சாலை நகராது. ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரரைப் பார்க்கப் போனால் வரிசையில் நிற்பதோடு நாள் முடியும். ஜூன், ஜூலையில் சாரலும் காற்றும் இருக்கும், பள்ளத்தாக்கு பச்சைப்பசேலென்று இருக்கும். எனக்குப் பிடித்த மாசங்கள் அவை. குடை பறந்துவிடும், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் திறக்கும் இடமும் இந்தப் பள்ளத்தாக்கின் தலைமேல் இருக்கிறது: மங்கலதேவி கண்ணகி கோட்டம். மதுரையை எரித்துவிட்டு வைகையின் கரையைப் பிடித்துக்கொண்டு மேற்கே நடந்த கண்ணகி, பதினாலாம் நாள் வேங்கை மர நிழலில் நின்று வானேறினாள் என்கிறது சிலப்பதிகாரம். நாம் தண்ணீரோடு கீழே வருகிறோம், அவள் தண்ணீருக்கு எதிராக மேலே ஏறிப் போயிருக்கிறாள். அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டே நடந்து தேடி, 1963-இல் இந்தக் கோயில்தான் கண்ணகி கோட்டம் என்று அடையாளம் காட்டியவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். இடிந்த கருங்கல் கட்டடங்கள்தான் இருக்கின்றன. ஆனால் அங்கிருந்து கீழே பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். காலையிலிருந்து நாம் சுற்றிய ஊர்களெல்லாம் ஒரே பார்வையில்.

சித்திரா பௌர்ணமி அன்றைக்கு மட்டும் தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து அனுமதிக்கும். குமுளியிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் ஜீப் பாதை இருக்கிறது. லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து ஆறரைக் கிலோமீட்டர் போல நடைபாதை, செங்குத்தான ஏற்றம். மூட்டு வலிக்காரர்கள் ஜீப்பில் போவதே நல்லது. கரடுமுரடான பாதைதான், இடுப்பு கழன்றுவிடும், இருந்தாலும் ஏறுவதற்கு இது எவ்வளவோ தேவலை. நடக்க முடிந்தவர்கள் விடியும் முன்பே பளியன்குடியில் இருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் நிழல் இல்லாத புல்வெளிச் சரிவில் நாக்கு வறண்டுவிடும். பிளாஸ்டிக்கை வனத்துறை உள்ளே விடாது, சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பகலுக்கு மேல் ஏற அனுமதி இல்லை, சாயங்காலத்துக்குள் எல்லாரையும் இறக்கிவிடுவார்கள். ஜீப்பில் போகிறவர்கள் குமுளியில் வரிசை நீளும் முன் போய்ச் சேர்ந்தால் வெயிலுக்கு முன்பே மேலே இருக்கலாம். இறங்கும்போது காட்டுப் பாதையில் இறங்கினால் லோயர் கேம்ப்பில் கம்பம் பஸ் கிடைக்கும்.